புறப்பட்டவரைக் கூப்பிடுவதில்லை

பனிமலைக்குப் போகிறவர்கள் சப்பாத்துக்குள் ஒரு சோடி காலுறைதான் போட வேண்டும். இரண்டு போட்டால் கதகதப்பாக இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் சப்பாத்து இறுகி, இரத்தம் ஓடாமல், விரல்கள் இன்னும் கெதியாக விறைத்துப்போகும். அன்று காலை வாகனத் தரிப்பிடத்தில் யூட்சன் அத்தான் இரண்டு சோடி போட்டுக்கொண்டு நின்றார். ஒன்றைக் கழற்ற வைத்தது நான்தான். அவருடைய கால் குளிரக்கூடாது என்று நான் கவனித்தேன். இதை முதலிலேயே எழுதுகிறேன், ஏனென்றால் என்னை ஒரு வன்மம் பிடித்தவளாக நினைத்துக்கொண்டு நீங்கள் மிச்சத்தை வாசிக்கக்கூடாது.

பாலாம்பிகை அக்கா, இந்த வாக்குமூலத்தை ஜேர்மனில் மொழிபெயர்க்கப்போவது நீங்கள்தான் என்று பொலிஸில் சொன்னார்கள். நாங்கள் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. என் ஜேர்மனுக்கு ஒரு குறையும் இல்லை. பத்து வயதில் இங்கே வந்தவள், எலும்பு வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் நெடுங்காலமாக வேலை செய்கிறவள். ஆனாலும் எழுதித் தருவதென்றால் தமிழில்தான் தருவேன் என்றேன். சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிப்பதால் எழுத்து எனக்குக் கைவரும். இதில் ஒரு விஷயம் இருக்கிறது. அதை விசாரிக்கும் பொலிஸ் அம்மாவிடம் ஜேர்மனில் சொன்னால் பேனையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். உங்களுக்கு விளங்கும்.

யூட்சன் அத்தான் என் அக்கா ஜெறாள்டினின் புருசன். அக்கா புற்றுநோயில் எங்களை விட்டுப் போனபோது அவர்களுடைய மகள் யூலியாவுக்கு எட்டு வயது. அத்தானுக்கு விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை. ஒரு கிழமை பகல், ஒரு கிழமை இரவு. பிள்ளையை யார் பார்ப்பது? நான் என் வீட்டை விட்டுவிட்டு கார்ஹிங் என்ற ஊரில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்தேன். ஒரு மாதத்துக்கு என்றுதான் வந்தேன். பிறகு பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டம், பல் வைத்தியரிடம் நேரம் எடுப்பது, கோயிலில் முதல் நன்மை வாங்க வெள்ளைச் சட்டை, தலைமுடி பின்னுவது எல்லாம் என் கைக்கு வந்தன. யூலியாவுக்குக் காய்ச்சல் வந்தால் அவள் கூப்பிடுவது என்னை. அவள் "சின்னம்மா" என்று கூப்பிடுவதில் "சின்ன" என்ற பாதி வரவரத் தேய்ந்துகொண்டு வந்தது. அதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று மறைக்கப் போவதில்லை.

அத்தானுக்கே என்னைக் கட்டி வைக்கலாமே என்று கோயிலில் இரண்டொருவர் கதைத்தார்கள். அத்தான் அதைச் சிரித்துத் தட்டிவிட்டார். நானும் சிரித்தேன். அதற்கும் நான் எழுதப்போவதற்கும் சம்பந்தம் இல்லை. விரும்பினால் இந்த நாலு வரியையும் நீங்கள் மொழிபெயர்க்காமல் விடலாம்.

போன நத்தார் அன்று, சாப்பாடு முடிந்து நான் கோப்பை கழுவிக்கொண்டிருக்கும்போது அத்தான் குசினி வாசலில் வந்து நின்றார்.

"டொறத்தி, ஈஸ்ரருக்குப் பிறகு நானும் பிள்ளையும் கனடாவுக்குப் போறம். ரொறன்ரோவில அண்ணை எல்லாம் சரிக்கட்டிப்போட்டார். உமக்கும் இனி ஒரு வாழ்க்கை வேணுமெல்லே."

"ஓம் அத்தான்," என்றேன்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். உனக்கும் ஒரு வாழ்க்கை வேணும் என்று யாராவது சொன்னால், நீ இவ்வளவு நாளும் வாழ்ந்தது வேறு யாருடையதோ என்று அர்த்தம். அது அவருக்குத் தெரியவில்லை. யூலியா துள்ளிக்கொண்டு திரிந்தாள். ரொறன்ரோவில் பெரியப்பாவின் மகள் கவிசாவுக்கும் அவளுடைய வயது. இரண்டும் கைபேசியில் முகம் பார்த்து ஓயாமல் கதைக்கும். பன்னிரண்டு வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் எங்காவது போகத்தான் விருப்பம். அதைப் பெரிதாக எடுக்கக்கூடாது. பிள்ளை பிறந்த மண், பள்ளிக்கூடம், தாயின் கல்லறை எல்லாம் இங்கே இருக்கின்றன. பிடுங்கி நட்டால் சில செடி பட்டுப்போகும். அதை யாராவது ஒருவர் யோசிக்க வேண்டும் அல்லவா?

ஜனவரியில் குடும்ப ஆலோசனை நிலையம் ஒன்றுக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்த பெண் மிகவும் அன்பாக எனக்குத் தேநீர் தந்துவிட்டுச் சொன்னார்: தகப்பன் இருக்கும்போது சின்னம்மாவுக்கு எந்த உரிமையும் இல்லை. தகப்பன் இருக்கும்போது. நான் நன்றி சொல்லிவிட்டு சுரங்க ரயிலில் வீட்டுக்கு வந்தேன்.

என்னுடைய பொழுதுபோக்கு மலை. எங்கள் ஆட்களில் இது குறைவு. குளிரில் காசைக் கொடுத்துக் காலை முறிக்கிறாள் என்று பகிடி பண்ணுவார்கள். வேலையிடத்துச் சிநேகிதி ஒருத்தியோடு தொடங்கி, பிறகு மலைச்சங்கத்தில் சேர்ந்து, பனிச்சரிவு பற்றிய வகுப்புகள் எல்லாம் படித்து, இப்போது சிறு குழுக்களை நானே கூட்டிக்கொண்டு போகிறேன். பனிக்காலத்தில் ஒவ்வொரு மாலையும் பனிச்சரிவு அறிக்கையை வாசிப்பேன். அத்தானுக்கு அது தெரியும். பெப்ரவரியில் அவராகத்தான் கேட்டார்.

"போக முன்னம் உம்மட மலையை ஒருக்காப் பாக்கோணும். யூலியா ஒரே அதைத்தான் சொல்லுறாள்."

அவராகத்தான் கேட்டார் என்பதை மொழிபெயர்ப்பில் தயவுசெய்து விட்டுவிட வேண்டாம்.

முதல் நாள் மாலை அறிக்கையை வாசித்தேன். ஆபத்து ஐந்து படிகளில் மூன்றாவது. மூன்று என்றால் நடுவில்தானே என்று தெரியாதவர்கள் நினைப்பார்கள். நான்கு என்றால் அநேகமாக எல்லோரும் வீட்டில் இருந்துவிடுவார்கள். மூன்றில்தான் ஆட்கள் போய்ச் சாகிறார்கள். அந்த வருடம் முதலில் விழுந்த பனி நீண்ட குளிரில் சீனியைப் போல உதிர்ந்து கிடந்தது. அதன்மேல் காற்று புதிய பனியை அள்ளி வந்து பலகையாக இறுக்கியிருந்தது. மேலே பலகை, கீழே சீனி. ஒரு ஆளின் பாரம் போதும், முழுச் சரிவும் கழன்று வரும். மர எல்லைக்கு மேலே, வடகிழக்கைப் பார்த்த செங்குத்தான சரிவுகளில் கால் வைக்க வேண்டாம் என்று தெளிவாக எழுதியிருந்தது. அறிக்கையில் ஒரு பிழையும் இல்லை.

யூலியாவும் வரப்போவதாக நின்றாள். கணக்குப் பரீட்சை இருக்கிறது என்று சொல்லி அவளை அவளுடைய சிநேகிதி லாரா வீட்டில் விட்டேன். அவள் அழுதாள். அவள் அழுது நான் இணங்காமல் இருந்தது அந்த ஒரு தடவைதான்.

தரிப்பிடத்தில் எல்லாம் ஒழுங்குமுறைப்படி செய்தேன். பனிக்குள் புதைந்தவரைத் தேட ஒரு சிறு கருவி இருக்கிறது. எல்லோரும் நெஞ்சோடு கட்டிக்கொள்வார்கள், அது ஓயாமல் சமிக்ஞை அனுப்பும். சங்கத்தில் இரவல் வாங்கியதை அவருக்குக் கட்டிவிட்டேன். என்னுடையதைத் தேடும் நிலைக்கு மாற்றி அவரை எனக்கு முன்னால் நடக்கவிட்டேன். கீச் கீச் என்று கேட்டது. "மாட்டுக்கு மணி கட்டின மாதிரிக் கிடக்கு," என்று சிரித்தார். கைபேசியை அந்தக் கருவிக்குப் பக்கத்துப் பையிலேயே வைத்தார். அப்படி வைத்தால் சமிக்ஞை குழம்பலாம். அதைச் சொல்வது கூட்டிப்போகிறவரின் கடமை. அண்ணைக்கு வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று ஆசையாக இருந்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை.

காடு தாண்டும்வரை நன்றாக நடந்தார். பனியில் புதையாமல் இருக்கக் காலில் மாட்டும் அகலமான சட்டங்கள் அவருக்கு முதலில் தடக்கின, பிறகு பழகிவிட்டது. மரங்கள் முடிந்த இடத்தில் ஒரு திறந்த வெளி. அதில் இரண்டு பேரும் கால் வைத்ததும் நிலத்துக்குள் "வூம்" என்று ஒரு சத்தம் கேட்டது. தூரத்தில் ஒரு பெரிய கதவை யாரோ சாத்தியது போல. அத்தான் அப்படியே நின்றார்.

"என்ன சத்தம் அது?"

"பனி இறுகுது அத்தான். ஒண்டுமில்லை."

பனி இறுகியது உண்மை. பலகைக்குக் கீழே இருந்த சீனி நொறுங்கி அமர்ந்த சத்தம் அது. அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டாலே திரும்பிவிட வேண்டும் என்று வகுப்பில் சொல்லுவார்கள். ஆனாலும் கால்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தன.

மேலே முகட்டுப் பாதை, காற்று பலமாக அடிக்கும், சுற்று அதிகம், ஆனால் பாதுகாப்பானது. அதற்கு இந்தப் பக்கம், கோப்பையைப் போலக் குழிந்த ஒரு சரிவு. அதைக் குறுக்கே கடந்தால் எதிர்ப் பக்கத்துக் கணவாய் கைக்கெட்டும் தூரம். வடகிழக்கைப் பார்த்த சரிவு. ஒரு கால்தடமும் இல்லாமல் அவ்வளவு அழகாகக் கிடந்தது. இரவு வேலை செய்து வந்த அத்தான், முழங்கால் நோகுது என்று தடியில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"இதால குறுக்க போனாக் கிட்டவெல்லே டொறத்தி?"

"கிட்டத்தான்."

"போகலாமே?"

"ஒராள் ஒராளாத்தான் போகவேணும். நீங்கள் முதல் போங்கோ அத்தான். நான் இதில நிண்டு பாக்கிறன்."

இதுவும் ஒழுங்குமுறைதான். சந்தேகமான சரிவில் ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் போக வேண்டும். மற்றவர் பாதுகாப்பான இடத்தில் நின்று கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். ஏதாவது நடந்தால் கடைசியாக எங்கே கண்டது என்று சொல்லத் தெரிய வேண்டும். நான் கண்ணெடுக்கவில்லை.

நடுவழி போனபோது அவர் நின்றார். சரிவு அந்த இடத்தில் செங்குத்தாகிறது. அவருடைய காலில் இருந்து மேலே ஒரு மெல்லிய கோடு ஓடியதை நான் கண்டேன். அவர் அதைக் காணவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு, அடுத்த அடியை எங்கே வைப்பது என்று பார்த்தார். அந்த நேரத்துக்குள் "அத்தான், திரும்புங்கோ" என்று சொல்லலாம். தன் தடத்திலேயே திரும்பி நடந்தால் வந்து சேர்ந்திருக்கவும் கூடும். நான் கூப்பிடவில்லை.

அக்கா, இனித்தான் உங்களுக்கு விளங்கும் என்று சொன்ன விஷயம். புறப்பட்டுப் போகிறவரைப் பின்னால் நின்று கூப்பிடக்கூடாது. நாங்கள் கிறிஸ்தவ வேதக்காரர்தான், ஆனாலும் எங்கள் வீட்டில் அதை விடவில்லை. அதற்குக் காரணம் நான். எனக்கு ஏழு வயது, ஊரில் சண்டைக் காலம். என்னைப் பெற்ற ஐயா அந்தோனிப்பிள்ளை சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையைத் தாண்டிவிட்டார். அடையாள அட்டையை மேசையில் விட்டுவிட்டார் என்று நான் பின்னால் ஓடிக் கூப்பிட்டேன். திரும்பி வந்து, அட்டையை வாங்கி, என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். சந்தியில் பீரங்கிச் செல் விழுந்தபோது அவர் சரியாகச் சந்தியில் இருந்தார். நான் கூப்பிட்டிராவிட்டால் தாண்டியிருப்பார். செத்தவீட்டில் அம்மா ஒரு தடவை மட்டும் கேட்டா: "ஆர் பின்னால கூப்பிட்டது?" பிறகு சாகும்வரை கேட்கவில்லை. அன்று தொட்டு, போகிறவரை நான் கூப்பிடுவதில்லை. அந்தச் சரிவின் ஓரத்தில் என் தொண்டை அடைத்துக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது என்று நானே நம்பினேன்.

மலை கழன்றபோது பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஒரு துணியை மேசையில் இருந்து இழுத்தது போல வெள்ளை முழுவதும் கீழே போனது. அவருடைய சிவப்புச் சட்டை இரண்டு தடவை தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

புதைந்தவருக்கு முதல் பத்து நிமிடம்தான் உயிர். அதன் பிறகு நம்பிக்கை கிடுகிடுவென்று இறங்கும். அதனால் துணைக்கு நிற்பவர் உடனே தேட வேண்டும். ஹெலிகொப்டர் வருவதற்குள் காலம் கடந்துவிடும். நான் முதலில் தொலைபேசி எடுத்தேன். மலைமீட்புக்குப் பொறுப்பான இடத்தில் ஒரு இளைஞன் பேசினான். என்ன நடந்தது, எங்கே, எத்தனை பேர் என்று கேட்டான். பிறகு பெயர் கேட்டான். என்னுடையது அந்தோனிப்பிள்ளை, எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அத்தானுடையது செல்வரட்ணம், அதையும் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். இந்த நாட்டில் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பழகாத தமிழர் யார் இருக்கிறார்கள்? அவன் பிழையாகத் திருப்பிச் சொன்னான். நான் திருத்தினேன். பெயர் போதும், போய்த் தேடுங்கள் என்று அவன்தான் சொன்னான்.

பிறகு இறங்கித் தேடினேன். கருவியின் அம்பு ஒரு நிலையில் நிற்கவில்லை, தூரத்தைக் காட்டும் இலக்கம் ஏறி ஏறி இறங்கியது, பனிக்குள் விட்டுப் பார்க்கும் நீளமான தேடுகம்பியால் பல இடங்களில் குத்தியும் கிடைக்கவில்லை என்று முதல் விசாரணையில் சொன்னேன். கைபேசி பக்கத்தில் இருந்தால் அப்படி ஆவதுண்டு என்று பொலிஸின் நிபுணரே எழுதினார். ஹெலிகொப்டரில் வந்த லூக்காஸ் என்பவர் அத்தானைத் தோண்டி எடுத்தார். என் கம்பி போட்ட துளைகள் சுற்றிவரக் கிடந்ததைப் பார்த்து, "இவ்வளவு கிட்ட வந்துவிட்டாயே," என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அந்த அழுகை பொய்யல்ல.

கோடைக்குள் யூலியாவின் பாதுகாவலராக நீதிமன்றம் என்னை நியமித்தது. எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்தது. அவள் மட்டும் கதைப்பதைக் குறைத்துக்கொண்டாள். ஒக்ரோபரில் ஒருநாள் சாப்பிடும்போது, "அப்பா போகேக்க நீங்க ஏன் அவரை நிப்பாட்டேல்லை?" என்று கேட்டாள். ஐயாவின் கதையை முழுக்கச் சொன்னேன். பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் கவனமாகக் கேட்டாள்.

அடுத்த நாள் காலை அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். நான் வழக்கம்போல யன்னலைத் திறந்து, "யூலியா, கெல்மெற்," என்று கத்தினேன். அவள் திரும்பி வந்து யன்னலுக்குக் கீழே நின்றாள்.

"சின்னம்மா, நீங்க என்னை ஒவ்வொரு நாளும் பின்னால இருந்துதான் கூப்பிடுறீங்கள். கெல்மெற், சாப்பாட்டுப் பெட்டி, கையுறை. ஒவ்வொரு நாளும். நான் சாகேல்லையே."

கோபமாகச் சொல்லவில்லை. தலையில் கெல்மெற்றைப் போட்டுக்கொண்டு போனாள். நான் யன்னலைச் சாத்த மறந்து அங்கேயே நின்றேன், கிளினிக்குக்கு அன்று பிந்திப் போனேன்.

இலையுதிர்கால விடுமுறைக்குப் பெரியப்பாவிடம் போக வேண்டும் என்றாள். இரண்டு கிழமைகூட இல்லை, விட்டேன். விமான நிலையத்தில் பணிப்பெண் அவளைக் கூட்டிக்கொண்டு சோதனை வாசலைத் தாண்டும்போது அவளுடைய பையைப் பார்த்தேன். ஜெறாள்டினின் படம், முதல் நன்மைச் செபமாலை, எல்லாவற்றையும் எடுத்திருந்தாள். "யூலியா" என்று கூப்பிட்டேன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகத்தான் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. அவள் அங்கேதான் இருக்கிறாள்.

என் தொண்டையில் ஒரு குறையும் இல்லை, அக்கா. ஆகவே மேலே எழுதியதில் ஒரு இடத்தைத் திருத்த வேண்டும். எதையும் வெட்டவில்லை, கீழே சேர்க்கிறேன்.

கருவியின் அம்பு குழம்பவில்லை. அது என்னை நேராகக் கூட்டிக்கொண்டு போனது. இலக்கம் குறைந்துகொண்டே வந்து ஒன்றுக்குக் கீழே போன இடத்தில் மண்டியிட்டேன். கம்பியைப் பொருத்தி முதல் தடவை குத்தியதும் பட்டது. கல் என்றால் டக் என்று நிற்கும். நிலம் என்றால் வேறு மாதிரி. இது இளகியது. அவ்வளவு ஆழம்கூட இல்லை, மண்வெட்டி என் முதுகுப்பையில் இருந்தது. கம்பி ஒரு தடவை மெல்ல அசைந்தது. என் கை நடுங்கியிருக்கலாம் என்று எத்தனையோ நாள் சொல்லிப் பார்த்தேன். என் கை நடுங்கவில்லை. கம்பியை உருவி, அந்தத் துளையைச் சப்பாத்தால் மூடிவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் வெறும் பனியில் குத்தத் தொடங்கினேன். ஹெலிகொப்டரின் சத்தம் கேட்கும்வரை குத்தினேன்.

அத்தான் அப்போது எங்கும் புறப்பட்டுப் போகவில்லை. என் முழங்காலுக்குக் கீழே இருந்தார். கூப்பிட்டிருக்கலாம்.